முன் சீட்டு காலி இல்லை

ஜூன் 3, செவ்வாய்

கோபம் வந்தால் கத்தாதீர்கள், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் வரவில்லையாம். பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் விளையாட்டு டீச்சராக இருந்தவளிடம் கத்தாதே என்றால் எப்படி? நான் மைதானத்தில் போட்ட சத்தத்துக்குக் கோபிச்செட்டிபாளையத்தில் பாதிப் பெண்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். இருந்தாலும் சொன்னவர் டாக்டர் என்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

இன்றைய கோபம் என் வீட்டுக்காரர் மேல்.

இவர் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிள் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஆனால் எந்த வண்டியையும் நிறுத்தவும் கிளப்பவும் தன்னால் முடியும் என்று நம்புகிறவர். ஒரு விசில் ஊதினால் பஸ் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அப்படித்தான் நடந்திருக்கிறது. நான் ஓய்வு பெற்றதும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, காரும் வாங்கினேன். கார் வந்த அன்றைக்கே முன் சீட்டில் என் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தவர் அந்த இடத்தை வேறு யாருக்கும் விட்டதில்லை.

இன்று உழவர் சந்தைக்குப் போனோம்.

"ரைட், போலாம். மெதுவா, மெதுவா. நாயி வருது. நாயி! அட, பிரேக்கப் போடு வசந்தா!"

நாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"தூங்கற நாயிக்கு எதுக்குங்க பிரேக்கு?"

"முழிச்சிருச்சுன்னா?"

இவர் காலடியில் கிடக்கும் கால்மிதி விரிப்பு, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டை விழுந்துவிட்டது. என் காலடியில் கிடப்பது வாங்கிய மாதிரியே இருக்கிறது. கத்தரிக்காய் வாங்கி முடிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றியது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் போனில் கார் கம்பெனிக்காரர்களின் செய்தி. எங்கள் வண்டியைச் செய்த சமயத்தில் செய்த வண்டிகளில் இடது முன் சீட்டுக்கான ஏர்பேக்கில் குறை இருக்கிறதாம். ஈரோட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவார்களாம். இவரிடம் படித்துக் காட்டினேன்.

"வித்த பண்டத்துல குத்தம் இருக்குதுன்னு வித்தவனே சொல்றானா? இதுல ஏதோ இருக்குது."

"இலவசம்னுங்க."

"அப்பக் கண்டிப்பா ஏதோ இருக்குது."

ஜூன் 5, வியாழன்

ஈரோடு போய் வந்தோம். போகும்போது கவுந்தப்பாடி, சித்தோடு என்று ஒவ்வொரு ஊரின் பேரையும் வருவதற்கு முன்னால் அறிவித்துக்கொண்டே வந்தார். இறங்க ஆள் யாரும் இல்லை.

சர்வீஸ் சென்டரில் பர்வீன் என்ற பெண்தான் பொறுப்பு. பொறுமையானவள். வண்டியின் கதவைத் திறந்தவள் டேஷ்போர்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"சார், இதென்னங்க?"

"முருகன்."

"அது தெரியுதுங்க சார். இத எதுக்கு மேல ஒட்டியிருக்கீங்கன்னு தெரியுமுங்களா?"

இவர் ஓய்வு பெற்ற அன்று, கூட வேலை பார்த்த டிரைவர் ஆறுச்சாமி அண்ணன் கொடுத்த பித்தளை முருகன் அது. கையகலம் இருக்கும், மயிலோடு. கார் வாங்கியபோது குருக்களை வைத்துப் பூஜை செய்து, நல்ல நேரம் பார்த்து, இரண்டு டியூப் பசையைக் காலி செய்து இவர் தன் முகத்துக்கு நேராக ஒட்டிக்கொண்டார். நடுவில் ஒட்டலாம் என்று நான் சொன்னேன். 'நீ ரோட்டப் பாரு, நான் சாமியப் பாக்கறேன்' என்றார். ஒட்டிய இடம் ஏர்பேக்கின் மூடி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

பர்வீன் விளக்கினாள். மூடிக்குக் கீழே மடித்து வைத்த பை இருக்கிறது. வண்டி மோதினால் ஓர் இரும்புக் குப்பிக்குள் இருக்கும் மருந்து வெடித்து, பை கண்ணிமைக்கும் நேரத்தில் விரியும். எங்கள் வண்டியில் அந்தக் குப்பிதான் சரியில்லை. விரியும்போது குப்பியே சிதறி, இரும்புத் துண்டுகள் எதிரில் இருப்பவர் மேல் பாயலாம்.

"முருகன் இருக்கறதுனாலதாம்மா இத்தன நாளா ஒண்ணும் ஆகல," என்றார் இவர்.

"ஏதாச்சும் ஆச்சுன்னா மொதல்ல அவருதானுங்க சார் உங்க மூஞ்சிக்கு வருவாரு. குப்பி அதுக்கப்பறந்தான்."

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவருக்கு எடுப்பான மூக்கு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது நான் பார்த்தது அந்த மூக்கைத்தான். அதற்கு நேராக இத்தனை நாளாக இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறோம்.

மாற்ற வேண்டிய பொருள் இன்னும் வரவில்லையாம். வந்ததும் சொல்வார்களாம். அதற்குள் முருகனை எடுத்துவிட வேண்டும். மாற்றி முடிக்கும்வரை இடது முன் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு இவர் நேராகப் போய் அதே சீட்டில் உட்கார்ந்தார்.

"பின்னால ஏறுங்க!" என்றேன். மைதானத்துச் சத்தம் தானாக வந்துவிட்டது. பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். இவர் இறங்கிப் பின்னால் ஏறினார்.

வரும் வழியெல்லாம் கோபத்தில் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வண்டியில் இண்டிகேட்டர் போட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூன் 6, வெள்ளி

இன்று கோபம் வரவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

நேற்று முழுக்க முறைத்துக்கொண்டிருந்தவர் இன்று பின் சீட்டில் ஏறியதும் முகம் தெளிந்துவிட்டார். யோசித்துப் பார்த்தால், பஸ்ஸில் அவருடைய இடம் பின்பக்கம்தானே.

வழியில் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா கை காட்டினார். நிறுத்துவதற்குள் இவர் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க, ஏறுங்க. உள்ள தள்ளி உக்காருங்க. எங்க போகோணும்?"

"பஸ் ஸ்டாண்டுக்குங்க தம்பி. நான் முன்னால உக்காந்துக்கறேன், காலு வலி."

"முன் சீட்டு காலி இல்லீங்க."

பாப்பாத்தியக்கா முன் சீட்டை எட்டிப் பார்த்தார். அதில் என் காய்கறிக் கூடை மட்டும் இருந்தது.

"கத்தரிக்காய் மின்னாடி உக்காந்து போலாமாம். கவர்மெண்டுல வேல பாத்த மனுசன் உக்காரக் கூடாதாம்," என்று விளக்கம் சொன்னார். பிறகு முதுகுக்குப் பின்னால் இரண்டு விசில் கேட்டது. பழைய விசிலைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார் என்பதை நான் கவனிக்கவில்லை. திடுக்கிட்டதில் வண்டி குதித்துக் கிளம்பியது. பாப்பாத்தியக்கா முருகா என்று கத்தினார். முருகன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜூன் 12, வியாழன்

முருகனை எப்போது எடுப்பது என்று கேட்டேன்.

"ஒட்டறதுக்கு நேரம் பாத்தமல்ல? எடுக்கறதுக்கும் பாக்கோணும். கோயில்ல சாமியை அசைக்கோணும்னா பாலாலயம் பண்ணுவாங்க. கும்பத்துல சாமிய எறக்கி வெச்சுட்டுத்தான் திருப்பணி."

"காருக்குப் பாலாலயமா?"

"சாமிக்குத் தெரியுமா இது காருன்னு?"

டேஷ்போர்டு முருகனுக்குப் பாலாலயம் என்று வெளியில் சொன்னால் ஊரே சிரிக்கும். நான் இதற்கு ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

இவர் பின் சீட்டில் விசில் ஊதுவதை நிறுத்திவிட்டார். பேச்சும் இல்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, என் காலையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வருகிறார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

கொடிவேரி வரைக்கும் சும்மா ஒரு சுற்றுப் போய் வந்தோம். அணையில் நல்ல தண்ணீர். வழியில் ஒரு மாட்டு வண்டி, ஒரு டிராக்டர், பள்ளிக்கூடம் விட்டு வந்த கூட்டம், எல்லாவற்றையும் நானே பார்த்து நானே தாண்டினேன். கார் ஓட்டுவது இவ்வளவு சுகமான விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் இவர் ஆறுச்சாமி அண்ணனுக்குப் போன் செய்து, "டேய், நெசத்தச் சொல்லு. நான் ஊதறதுக்கு மின்னாடியே நீ பிரேக்குல கால வெச்சிருவியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ. போனை வைத்துவிட்டுப் போய்த் தென்னைக்குத் தண்ணீர் விட்டார். காலையில்தான் விட்டிருந்தார். வேலையில்லாத மனுஷர்களுக்குப் பேச்சு இப்படித்தான் போகும்.

ஜூன் 18, புதன்

பர்வீன் கூப்பிட்டாள். பொருள் வந்துவிட்டதாம். நாளைக்கே வரலாமாம்.

நாளைக்கு அஷ்டமி சம்பந்தம் இருக்கிறது என்றேன். நான் இதுவரை அஷ்டமி நவமி பார்த்ததில்லை. ஆனால் சாமி விஷயத்தில் இவர் மனம் நோகக் கூடாது அல்லவா? முருகனைப் பாலாலயம் செய்துதான் எடுக்க வேண்டும், குருக்களுக்கு நேரம் கிடைக்க வேண்டும் என்றும் சொன்னேன். பர்வீன் இரண்டு தரம் 'பாலாலயமா?' என்று கேட்டாள். பிறகு, "யாரும் அந்தச் சீட்ல உக்காராமப் பாத்துக்குங்க மேடம்," என்றாள்.

யார் உட்காரப் போகிறார்கள்? அங்கே கூடை இருக்கிறது.

இவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

மொடச்சூர் சந்தை. நல்ல கூட்டத்திலும் நிதானமாக ஓட்டினேன்.

பர்வீன் போன். அடுப்பில் பால் இருந்ததால் எடுக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

பர்வீன் மறுபடியும். மறுபடியும் பால்.

டாக்டரம்மாவிடம் போனேன். கொதிப்பு நன்றாக இறங்கியிருக்கிறது. "பாத்தீங்களா, எழுதறது வேலை செய்யுது!" என்று சந்தோஷப்பட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். பின் சீட்டில் பொம்மை மாதிரி வருகிறார். இன்று வேண்டுமென்றே ஒரு லாரிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் போய்ப் பார்த்தேன். ஒரு வார்த்தை? ம்ஹூம். இவர் கத்தாவிட்டால் நிம்மதி என்று நினைத்திருந்தேன். நிம்மதிதான். ஆனாலும் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தூக்கம் வராததால் எழுதுகிறேன்.

அந்தியூரில் சொந்தத்தில் கல்யாணம். இவருடைய தங்கை தனபாக்கியம் தன் மருமகள்கள் இருவரோடும், சீர்த்தட்டுகளோடும், ஒரு பெரிய தேங்காய்ப் பையோடும் விடியற்காலையிலேயே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். மூன்று பேரும் பின் சீட்டில் ஏறிய பிறகு அங்கே ஒரு வெற்றிலை வைக்கவும் இடம் இல்லை. நான் சாவியைப் போடும்போது இடது பக்கக் கதவு திறந்தது. பட்டு வேட்டி சட்டையில் இவர் என் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். எதிரில் முருகன்.

"எறங்குங்க."

"அந்தியூர் வரைக்குந்தான வசந்தா. கல்யாணத்துக்கு நேரமாச்சு."

"எறங்குங்கன்னா எறங்குங்க."

"ஏனுங்க நங்கையா," என்று அண்ணி முறையில் என்னைக் கூப்பிட்டாள் தனபாக்கியம் பின்னாலிருந்து, "எங்கண்ணன் உக்காந்தா சீட்டு தேஞ்சா போயிரும்?"

நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி ரோட்டில் நின்றேன். பாப்பாத்தியக்கா வீட்டுக் கதவு திறந்தது. எதிர்வீட்டு ஜன்னலும் திறந்தது. எனக்கு யார் பார்த்தாலும் கவலை இல்லை.

"அந்தக் குப்பி வெடிச்சு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்? உங்களை அதுல உக்கார வெச்சு ஓட்டறதுக்கு இந்த வண்டியக் கொளுத்திப் போட்டுட்டு நடந்தே போவேன்!" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. விளையாட்டு டீச்சர் அழுது இந்தத் தெரு பார்த்ததில்லை.

இவர் மெதுவாக இறங்கி என் பக்கத்தில் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்தான் பேசினார்.

"இவ்வளவு பயம் இருக்கறவ, அந்தப் பொருளு வந்தப்பவே போயி மாட்டியிருக்கலாமல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ எடுக்கலீன்னா அந்தப் புள்ள எனக்குத்தான கூப்புடுது."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நான் பின்னாடி உக்காந்தா உனக்கு நிம்மதியா இருக்குதேன்னு உட்டுட்டேன்."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். "நீங்க போங்க, நான் பஸ்ல வந்தர்றேன்" என்று கூடையை என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

அந்தியூர் போகும்வரை தனபாக்கியம் பேசிக்கொண்டே வந்தாள். என் காதில் ஒன்றும் விழவில்லை. கல்யாண மண்டபத்தில் நாங்கள் சீர் வைத்து முடிப்பதற்குள் இவர் பஸ்ஸில் வந்து பந்தியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எனக்கும் ஓர் இலை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் காத்த நிம்மதிக்காக நான் எதை அந்தச் சீட்டில் வைத்து விளையாடினேன் என்று நினைத்தால் தூக்கம் எங்கே வரும்?

ஜூலை 3, வியாழன்

காலையில் எழுந்ததும் இவரிடம் சொல்லாமல் குருக்கள் வீட்டுக்குப் போனேன். காருக்குப் பாலாலயம் என்றதும் அவர் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்னைக்கு அஷ்டமியாச்சே டீச்சர்?"

"இன்னைக்கேதான் ஆகோணும் சாமி."

"ஞாயித்துக்கிழமை பண்ணலாமே. நல்ல நாள்."

அவர் சம்சாரம் உள்ளேயிருந்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் என்னிடம் கோகோ ஆடியவள். நான் சம்சாரத்தைப் பார்த்தேன், அவள் குருக்களைப் பார்த்தாள். "வைத்தியத்துக்குப் போறதுக்கு யாரு அஷ்டமி பாக்கறாங்க? இதுவும் அப்படித்தானே," என்று அவர் தாமாகவே பஞ்சாங்கத்தை மூடி வைத்தார்.

கார் ஷெட்டுக்குள் கோலம் போட்டேன். குருக்கள் செம்புக்கு நூல் சுற்றி, மாவிலை, தேங்காய் வைத்துக் கும்பம் தயார் செய்தார். முன் கதவைத் திறந்து வைத்து, வெளியே நின்றபடியே மந்திரம் சொன்னார். உள்ளே உட்கார்ந்து சொல்ல நான் விடவில்லை. முருகனுக்கும் கும்பத்துக்கும் நடுவில் தர்ப்பையால் தொட்டு, "சாமி இப்ப கும்பத்துல இருக்கார். டேஷ்போர்டுல இருக்கறது வெறும் பித்தளை. எடுத்துக்கலாம்," என்றார். கும்பத்தை இவர் பூஜை அறைக்குத் தூக்கிப் போனார். கண் கலங்கியிருந்தது.

வெறும் பித்தளை வர மறுத்தது. வெந்நீரில் துணியை நனைத்து வைத்து, பசை இளகியதும் தைக்கிற நைலான் நூலை அடியில் கொடுத்து அறுத்தோம். ஒரு முனை இவர் கையில், ஒரு முனை என் கையில். இரண்டு பேரும் கதவுக்கு வெளியே குனிந்துகொண்டு, நான் இழுத்தால் அவர் விட, அவர் இழுத்தால் நான் விட வேண்டும். இரண்டும் ஒத்து வரவில்லை. இந்த மாதிரி வேலைக்கு ஆள் சொல்லிச் சொல்லிச் செய்ய வேண்டும். இவரோ வாயே திறக்கவில்லை.

"பஸ்ஸுல சொல்ற மாதிரி ரைட்டு, ஹோல்டான்னாவது சொல்லுங்களேன்!" என்றேன்.

"நீயே பாத்துச் செய்யி வசந்தா. உனக்குத் தெரியும்."

ஒருவழியாக முருகன் வந்தார். மயில் வரவில்லை. அது தனி வார்ப்பு என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. குருக்களுக்குப் போன் போட்டு, மயிலுக்கும் சேர்த்துத்தானா பாலாலயம் என்று இவர் கேட்டார். "சாமி வந்தா வாகனமும் வந்த மாதிரிதான், கூட்டிட்டு வாங்கோ," என்றார் அவர். மயில் வரும்போது டேஷ்போர்டின் தோலில் கொஞ்சத்தைக் கொத்திக்கொண்டே வந்தது.

பர்வீனை நானே கூப்பிட்டேன். சனிக்கிழமை வரச் சொன்னாள்.

"அன்னிக்கு நாள் எப்படிங்க மேடம், பரவால்லீங்களா?"

கேட்டதில் தப்பில்லை. அந்தக் குத்தலை நான் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

மாற்றியாகிவிட்டது. பர்வீன் பழைய குப்பியைக் காட்டினாள். இவ்வளவுதானா என்று இருந்தது. இவர் முகத்துக்கு நேரே இருந்தது என்று நினைத்ததும் பார்க்கப் பிடிக்கவில்லை, எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன்.

"இனி இங்க எதையும் ஒட்டக் கூடாதுங்க சார்."

"செரிம்மா. அவரு ஊட்லயே இருக்கட்டும்," என்றார் இவர், எந்த வாதமும் இல்லாமல்.

இவர் பின்பக்கக் கதவில் கை வைத்தபோது, "முன்னாடி வாங்க," என்றேன். வந்து உட்கார்ந்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

சித்தோடு போனது, ஒன்றும் சொல்லவில்லை. கவுந்தப்பாடிக்கு முன்னால் ஒரு பஸ் திடீரென்று நின்றது. நான் பிரேக் போட்டேன். இவர் கால் அசையவே இல்லை. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"நான் பண்ணுனது தப்புத்தானுங்க. அதுக்குன்னு இப்படிப் பேசாம வந்தா எப்படி? எம்மேல கோவம்னா திட்டிருங்க."

"உம்மேல என்ன கோவம்?" என்றார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பின்னாடி உக்காந்து பாத்ததுக்கப்பறந்தான் வசந்தா எனக்குத் தெரிஞ்சுது. நான் வாயத் தொறக்கறதுக்கு மின்னாடியே நீ பிரேக்குல கால வெச்சிடற. நான் சொல்லித்தான் நிக்குதுன்னு இத்தன நாளா நெனச்சுட்டு இருந்தேன்."

நான் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"ஆறுச்சாமியக் கேட்டேன். அவனுஞ் சிரிக்கறான். 'ஸ்டாப்பு எங்கன்னு எனக்குத் தெரியாதா'ங்கறான். அப்ப நான் அவ்வளவு வருசமா ஊதுனது எதுக்கு?"

இவர் சாப்பிடாததும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதும், தென்னைக்கு இரண்டு தரம் தண்ணீர் விட்டதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் என் நிம்மதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இந்த மனுஷன் தன் உத்தியோகத்தையே தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

எதிரே நின்ற பஸ்ஸின் பின்படியில் ஒரு பெண் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் பையுமாக ஏறிக்கொண்டிருந்தாள்.

"அங்க பாருங்க," என்றேன். "அவ ஏறறது டிரைவருக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? அவனுக்கு மின்னாடி இருக்கற ரோடுதான் தெரியும்."

"அவ ஒரு காலு கீழ இருக்கறப்ப அவரு கெளப்பிட்டா?"

"எப்படிக் கெளப்புவான்? கண்டக்டர் ரெண்டு விசில் ஊதோணுமல்ல?"

சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்தப் பெண் உள்ளே போனாள். பஸ்ஸுக்குள் இரண்டு விசில் கேட்டது. பஸ் கிளம்பியது.

"நீங்க இருந்த பஸ்ஸுல ஒரு பொம்பள விழுந்தான்னு நான் கேட்டதே இல்லீங்க," என்றேன். "ஆறுச்சாமியண்ணனுக்குச் சிரிக்கத்தான் தெரியும். பின்னாடி நடந்ததை அவரு எங்க பாத்தாரு?"

இவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கவுந்தப்பாடி தாண்டினோம். கரும்புக் காடுகள் வந்தன. எனக்குக் கண்ணில் நீர் முட்டியதால் அதைத் துடைத்துக்கொண்டு, வண்டி உறுமுவதைக் கவனித்துக் கியர் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"கியர மாத்து, கியர மாத்து! எவ்வளவு நேரந்தான் ரெண்டாவதுலயே கத்த உடுவ?" என்றார்.

மாற்றினேன். அவர் சொல்லாவிட்டாலும் மாற்றியிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை.